ஆலோசகர் மீது வந்த வருத்தத்தை அவரிடமே சொல்லலாமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
பதற்றக் கோளாறுக்காக ஏழு மாதங்களாகப் பாலக்காட்டில் ஓர் உளவியல் ஆலோசகரிடம் சென்று வருகிறேன். நெஞ்சு படபடத்தாலே உயிர் போய்விடும் என்று அஞ்சி மாதம் இருமுறை ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்த நான், இன்று துணையில்லாமல் பேருந்து ஏறுகிறேன் என்றால் அதற்கு அவரே காரணம். ஆனால், படபடப்பு வரும்போதெல்லாம் 'இது ஒன்றுமில்லைதானே?' என்று வாட்ஸ்அப்பில் அவரைக் கேட்பதும், 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்த பிறகே மூச்சு விடுவதும் எனக்கு வழக்கமாகிவிட்டன. சென்ற மாதம், அந்தக் கேள்விக்கு இனிப் பதில் அனுப்பப்போவதில்லை என்றார். என் முகம் வாடியதைப் பார்த்து, 'பேடிக்கண்டா' என்றார். மலையாளத்தில் அது 'பயப்பட வேண்டாம்' என்பது சிறு வயதிலிருந்தே தெரிந்ததுதான். ஆயினும் அன்று என் காதில் அது தமிழாகவே விழுந்தது, என்னைக் கோழை என்று சொன்னதைப் போல. அதன் பின் இரண்டு சந்திப்புகளுக்குப் போகவில்லை. வேறு ஆலோசகரைப் பார்ப்பதுதான் நல்லதா?

பதில் (செங்கோட்டை, ஆலோசகர்):
அம்மா, முதலில் அவர் செய்ததற்கான காரணத்தைச் சொல்கிறேன். 'ஒன்றுமில்லை' என்ற பதில் அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும். ஆனால் படபடப்பு தானாகவே அடங்கியிருக்கும் என்பதை மனம் கற்றுக்கொள்ள விடாமல், பதில் வந்ததால்தான் பிழைத்தோம் என்று நம்பவைத்து, அடுத்த முறை இன்னும் விரைவாகக் கேட்கத் தூண்டும். எனவே பதிலை நிறுத்துவது சிகிச்சையின் ஒரு பகுதியே. (படபடப்போடு மார்பு இறுக்கமோ, கைக்குப் பரவும் வலியோ, மயக்கமோ வந்தால் செய்தி அனுப்பிக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அது வேறு விஷயம்.)

ஆனால் அவர் அதைச் செய்த விதம் சரியென்று நான் சொல்லமாட்டேன். சிகிச்சை உறவுக்கு நோக்கத்தில் உடன்பாடு, வழிமுறையில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு என்று 1979-இல் எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் மூன்று கூறுகளைச் சொன்னார். உங்களுக்கு நோக்கத்தில் குறையில்லை. வழிமுறையை உங்களைக் கலந்துகொள்ளாமல் மாற்றியதால் பிணைப்பு அடிபட்டிருக்கிறது. காரணத்தை முன்கூட்டியே விளக்கிப் படிப்படியாகக் குறைத்திருக்கலாம். இந்த வருத்தத்தை அவரிடமே சொல்லுங்கள், அந்தச் சொல் உட்பட. சொல்லாமல் வேறொருவரிடம் போனால், அவர் ஒருநாள் 'முடியாது' என்னும்போதும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். இது ஆலோசகருக்கும் எளிதன்று. சொல்லாமல் வராமல் போனவர்களை எண்ணி, எந்த வார்த்தை தைத்ததோ என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன்.

பதில் (களியக்காவிளை):
எனக்கும் இதே நிலைமை வந்தது, சகோதரி. நேரில் சொல்ல நா எழாததால் அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். தாளைப் பிடித்திருந்த என் விரல்கள் ஈரமாகி மை கலங்கியிருந்தது. அவர் இரண்டு முறை படித்துவிட்டு, 'இதை நான் முன்பே உங்களிடம் பேசியிருக்க வேண்டும்' என்றார். அன்றிலிருந்துதான் அவரிடம் எதையும் மறைக்காமல் பேசுகிறேன். நீங்கள் சொன்ன பிறகும் அவர் எரிச்சல்பட்டால் அல்லது ஏளனம் செய்தால், அப்போது தயங்காமல் வேறொருவரைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. புதன்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். நானும் எழுதிக்கொண்டுதான் போகிறேன். அவருக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. இருந்தும் தமிழிலேயே எழுதியிருக்கிறேன், நானே படித்துக் காட்டுவதற்காக.