புதுப்பிப்பு: 7,000 ஆர்பிஎம்முக்கு மேல் வெட்டிய 150 சிசி பைக் சரியாகிவிட்டது

என் ஸ்போர்ட் பைக் இஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்று (ஆர்பிஎம்) தாண்டினால் வெட்டி வெட்டி இழுக்கிறது என்று போன கிழமை கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் 95 ஒக்டேன் பெற்றோல் அடித்துப் பார்த்தேன், காசுதான் போனது. "கொயில் எர்த் வயரைப் பாருங்கோ, திருகோணமலை உப்புக்காற்று சும்மா விடாது" என்று ஒரு அண்ணா எழுதியதுதான் சரி. டாங்கைக் கழற்றினால், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலின் எர்த் வயர் முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. தேய்த்துத் துடைத்து, கிரீஸ் பூசிப் பூட்டியதும் பாதிக் கோளாறு போனது.

மீதி நான் எதிர்பார்க்காதது. ஸ்பார்க் பிளக்கில் பொறி தாண்டும் இடைவெளி 0.8 மிமீ இருக்க வேண்டியது, தேய்ந்து 1.1 ஆகியிருந்தது. திரொட்டிலை முழுக்கத் திறந்து சிலிண்டரில் அழுத்தம் கூடும்போது அவ்வளவு இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு வலு போதாது, அதுதான் மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. புதுப் பிளக் போட்டு நிலாவெளி வீதியில் இரண்டாம் கியரில் இழுத்தேன், 10,000 வரை தடங்கலே இல்லை.