14 இன்ச்சிலிருந்து 16 இன்ச் அலாய் வீல்: கடைக்காரர் சொல்கிற டயரைப் போடலாமா?

கேட்டவர் (பெங்களூரு, சில்க் போர்டு பக்கம்)
வண்டி ஸ்விஃப்ட். கம்பெனியில் வந்த டயர் 165/80 ஆர்14, 85டி. தேய்ந்துவிட்டது, எப்படியும் மாற்ற வேண்டும், அதோடு 16 இன்ச் அலாயும் போட்டுவிடலாம் என்று ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். 195/50 ஆர்16, 84வி கையில் இருக்கிறது, விலை குறைத்துத் தருகிறேன் என்கிறார். 85 இருந்த இடத்தில் 84 வருகிறதே என்றால் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க) என்று சிரிக்கிறார். மாதம் ஒரு முறை சேலம் போவோம், ஐந்து பேர், திரும்பும்போது டிக்கியில் அரிசி மூட்டை, தேங்காய். போடலாமா?

பதில்
வேண்டாம் ப்ரோ. 85 என்பது கிலோ இல்லை, பாரத்துக்கான அட்டவணை எண்; பின்னால் வரும் டி, வி வேக வரம்புக் குறி. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 84 என்றால் 500. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது, மேலே எவ்வளவு போனாலும் தப்பில்லை. அதைவிட முக்கியம் மொத்த உயரம். உங்கள் பழைய டயர்: அகலம் 165 மி.மீ., அதில் 80 சதவீதம் பக்கச்சுவர் உயரம், அதாவது 132, மேலும் கீழுமாக 264, ரிம் 14 இன்ச், அதாவது 355.6, ஆக 619.6 மி.மீ. அவர் தருவது 601.4 தான். வண்டி தாழும், மீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 97. நீங்கள் கேட்க வேண்டியது 195/55 ஆர்16, 87வி. உயரம் 620.9, கிட்டத்தட்ட அதே. 87 என்றால் 545 கிலோ.

கேட்டவர்
நாலு டயர் × 500 = 2000 கிலோ. ஆள், அரிசி எல்லாம் சேர்த்தாலும் வண்டி 1400 தாண்டாதே அண்ணா? சும்மா கேட்கிறேன்.

பதில்
கணக்கு சரிதான், ஆனால் வண்டி நின்றுகொண்டே இருந்தால்! பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாயும், வளைவில் ஒரு பக்கம் சாயும், அந்த நேரம் பார்த்து பள்ளம் வரும். காற்று குறைந்திருந்தால் அந்த 500-உம் கிடையாது. அந்த உபரி அதற்காக வைத்ததுதான்.

இன்னொருவர்
நானும் ஒரு காலத்தில் 50 சீரிஸ் (பக்கச்சுவர் அகலத்தில் 50 சதவீதம்) டயர் போட்டு ஓட்டியவன். மழைநாளில் அவுட்டர் ரிங் ரோட்டில் தண்ணீர் நின்ற பள்ளம், ஒரே ஒரு ‘டொக்’. மறுநாள் காலையில் டயர் பக்கச்சுவரில் கோழிமுட்டை அளவு வீக்கம். உள்ளே நூல் அறுந்துவிட்டது, ஒட்டவும் முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். உங்கள் பழைய டயரில் 132 மி.மீ. ரப்பர் இருந்தது, 55-இல் 107, 50-இல் 97 சொச்சம். இந்த ஊர் ரோட்டுக்கு 15 இன்ச், 185/65 போதும் என்பேன். அதன் உயரமும் 621.5 தான், 88 எண்ணோடு வரும். 16 தான் ஆசை என்றால் உங்கள் இஷ்டம்.

முதல் பதில் சொன்னவர்
விட்டுப்போச்சு: ரிம்முக்கும் எடை அளவு உண்டு, பின்பக்கம் பொறித்திருக்கும். ஸ்டெப்னி பழைய 14 தானே? 195/55 போட்டால் அதோடு உயரம் ஒத்துப்போகும், பஞ்சரானால் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். முக்கியமாக, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, பின்னால் மூன்று பேரை உட்காரவைத்து உரசுகிறதா என்று பார்க்காமல் பில் கட்டாதீர்கள்.

கேட்டவர்
இன்று மறுபடி போனேன். அந்த 84வி டயரைத் திருப்பிப் பார்த்தால் கடைசி நாலு எண் 0819. 2019-இல் எட்டாவது வாரம் செய்தது! விலை குறைத்தது இதனால்தான் போல. 195/55, 87வி சொல்லியிருக்கிறேன், இரண்டு நாளில் வருமாம்.