புதுச்சேரி அமைச்சர்களின் பயணம், சந்திப்பு விவரங்களை எப்படிக் கேட்டு வாங்குவது?

லாஸ்பேட்டை வாசி:
வணக்கம். நம் ஊரில் முதல்வரையும் சேர்த்து அமைச்சர்கள் ஆறே பேர். இந்த ஆறு பேர் எங்கே போகிறார்கள், யாரைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது பெரிய காரியமாக இருக்காது என்றுதான் நினைத்தேன். பேப்பரில் சால்வையோடு படம் வருகிறது, கீழே ‘மரியாதை நிமித்தமாகச் சந்தித்தார்’ என்று ஒரு வரி. சால்வை போட்டவர் டெண்டர் கேட்டவரா, உறவுக்காரரா என்று யாருக்குத் தெரியும்? ‘அமைச்சர் கடந்த ஓராண்டில் யார் யாரைச் சந்தித்தார், எதற்காக, எந்தெந்த ஊருக்குப் போனார்’ என்று ஓர் அலுவலகத்தில் தகவல் உரிமை மனு கொடுத்தேன். ‘கோரிய வடிவில் தகவல் பராமரிக்கப்படவில்லை’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். அடுத்து என்ன செய்யலாம்? இதையெல்லாம் அவர்களாகவே வெளியிட வேண்டும் என்று சட்டம் ஏதும் இருக்கிறதா?

பழைய கணக்கர்:
சார், அந்தப் பதிலைப் பார்த்தால் எரிச்சல் வரும்தான். ஆனால் சட்டம் அவர்கள் பக்கம். அலுவலகத்தில் இருக்கும் தகவலைத்தான் தர வேண்டும். நமக்காக உட்கார்ந்து புதிதாகத் தொகுத்துத் தரும் கடமை அவர்களுக்கு இல்லை. அமைச்சர் யாரைப் பார்த்தார் என்று எந்தக் கோப்பிலும் பட்டியல் போட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

பயணம் அப்படியில்லை. நான் கணக்குப் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரசுச் செலவில் ஒருவர் ஊரைத் தாண்டினால் காகிதம் பிறந்தே தீரும். கிளம்புவதற்கு முன் டூர் புரோகிராம்: எந்த விமானம், எங்கே தங்கல், கூட யார். திரும்பி வந்ததும் பயணப்படி பில். அதைப் பாஸ் பண்ண ஓர் ஆணை. அரசுக் காருக்கு லாக் புக். ஆகவே ‘எங்கே போனார்’ என்று கேட்காமல் இந்தக் காகிதங்களின் நகலைக் கேளுங்கள். மனுவுக்கு 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். ‘பராமரிக்கப்படவில்லை’ என்று சொல்ல முடியாது. சொன்னால் பில் இல்லாமல் பணம் கொடுத்ததாக ஆகிவிடும்!

சட்டம் என்று பார்த்தால், தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4 அரசு அலுவலகங்கள் பலவற்றைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. அதையொட்டி மத்திய பணியாளர், பயிற்சித் துறை 2013 ஏப்ரலில் ஒரு குறிப்பாணை அனுப்பியது. அமைச்சர்களும் இணைச் செயலர், அதற்கு மேற்பட்ட அதிகாரிகளும் 2012 ஜனவரி 1 முதல் போன உள்நாட்டு, வெளிநாட்டு அலுவல் பயணங்களை இணையத்தில் போடலாம். எதற்காக, எங்கே, எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு செலவு என்று மூன்று மாதத்துக்கொரு முறை புதுப்பிக்கலாம் என்று அதில் இருக்கிறது. சந்திப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்னொன்று. பில்லைக் கையில் வாங்கியதும் கொதித்துப் போகாதீர்கள். நம் ஏனாம் ஆந்திராவுக்குள் இருக்கிறது, மாஹே கேரளாவுக்குள். ஏனாம் போய்வர ஒரு வழியே 800 கிலோமீட்டருக்கு மேல். சொந்தப் பிரதேசத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கே வெளிமாநிலப் பயணம் போல பில் வரும்.

காரைக்கால் தம்பி:
அண்ணே, பில்லெல்லாம் சரி. நம் ஊரில் விஷயம் முடிவது கல்யாண மண்டபப் பந்தியில். அங்கே ஏது லாக் புக்? அப்புறம், நமக்கென்று தனி மாநிலத் தகவல் ஆணையம் கிடையாது. தகவல் தர மறுத்தால் போடும் இரண்டாம் மேல்முறையீடு டெல்லியில் மத்திய ஆணையத்துக்குத்தான் போகும். அது வரிசையில் வருவதற்குள் அமைச்சரே மாறிவிடுவார்.

டப்ளின் தமிழன்:
பந்திக்கும் வழி இருக்கிறது தம்பி. அயர்லாந்தில் 2015இல் ஒரு சட்டம் வந்தது. அமைச்சரிடமோ எம்.பி.யிடமோ காரியமாகப் பேசினால், பதிவு செய்ய வேண்டியவர் பேசப் போனவர்தான். யாரிடம், எதைப் பற்றி, என்ன எதிர்பார்த்து என்று ஆண்டுக்கு மூன்று முறை பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். போனில் பேசினாலும் விருந்தில் பேசினாலும் ஒன்றுதான். எல்லாருக்கும் இது பொருந்தாது. பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், சங்கங்கள், காசு வாங்கிக்கொண்டு பிறருக்காகப் பேசுபவர்கள். ஆனால் நிலத்தின் வகை மாற்றம் பற்றிப் பேசினால் தனி ஆளும் மாட்டுவார். பதிவேட்டை வீட்டிலிருந்தே யாரும் தேடிப் பார்க்கலாம்.

சிராங்கூன் வாசகர்:
எங்கள் சிங்கப்பூரில் தகவல் உரிமைச் சட்டமே கிடையாது. ஆனால் அது இருந்திருந்தாலும் சிக்கியிருக்காத ஒரு பயணத்தைச் சொல்கிறேன். 2022 டிசம்பரில் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரன், தொழிலதிபர் ஓங் பெங் செங்கின் தனி விமானத்தில் தோஹா போனார். ஹோட்டல், திரும்பி வர பிசினஸ் வகுப்பு டிக்கெட் எல்லாம் அவர்கள் தரப்புச் செலவு. விடுப்பு எடுத்துக்கொண்டு போனதால் அலுவல் பயணக் கணக்கில் வர வழியே இல்லை. லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு வேறு ஒரு விசாரணையில் அந்த விமானத்தின் பயணிகள் பட்டியலைக் கைப்பற்றியது. அதற்குப் பிறகு 5,700 வெள்ளி டிக்கெட் காசைக் கட்டினார். அப்படிக் கட்டியதே நீதிக்கு இடையூறு என்று ஒரு குற்றச்சாட்டாக வந்தது. மற்றதையும் சேர்த்து 2024 அக்டோபரில் 12 மாதச் சிறை. அதனால் அரசு கொடுத்த பில்லை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

லாஸ்பேட்டை வாசி:
அப்படியானால், பிறர் செலவில் போனதைக் கண்டுபிடிக்க நமக்கு வழியே இல்லையா?

பழைய கணக்கர்:
உள்நாட்டில் கஷ்டம். வெளிநாடு என்றால் ஒரு காகிதம் உண்டு. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் 2010, பிரிவு 6: சட்டமன்ற உறுப்பினர் வெளிநாட்டில் இருக்கும்போது வெளிநாட்டவர் செலவில் பயணம், தங்கல் போன்ற உபசரிப்பை ஏற்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். உள்துறை அமைச்சகத்தில் விண்ணப்பம் இருக்க வேண்டும். அமைச்சரும் எம்.எல்.ஏ.தானே. அங்கேயும் ஒரு 10 ரூபாய் மனு போடுங்கள்.

அமைச்சரைப் பார்க்க வந்தவர்களின் வருகைப் பதிவேட்டைக் கேட்டால் இனி ‘தனிநபர் தகவல்’ என்று தட்டிக்கழிப்பார்கள். தனிநபர் தகவலை மறுக்க இடம் தரும் தகவல் உரிமைச் சட்டப் பிரிவு 8(1)(ஜே)-யை 2025 நவம்பரில் திருத்தி நடைமுறைக்குக் கொண்டுவந்ததில், பொதுநலம் இருந்தால் தரலாம் என்று அதில் இருந்த விலக்கு போய்விட்டது. ஆனால் பொதுநலம் பெரிதென்றால் மறுக்கத்தக்க தகவலையும் தரலாம் என்னும் 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது. பொதுநலம் என்ன என்று அதைச் சொல்லி மனுவிலேயே எழுதிவிடுங்கள். பாதுகாப்பு என்று சாக்குச் சொல்ல இடம் வைக்காமல், முடிந்துபோன பயணங்களை மட்டும் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

‘1-4-2025 முதல் 31-3-2026 வரை மாண்புமிகு அமைச்சர் மேற்கொண்டு முடித்த அலுவல் பயணங்களுக்கான டூர் புரோகிராம்கள், பயணப்படி பில்கள், அவற்றை அனுமதித்த ஆணைகள் ஆகியவற்றின் நகல்கள் தேவை.’

எந்த அலுவலகம் என்று குழப்பமாக இருந்தால் கணக்கு மற்றும் கருவூலத் துறைக்கே அனுப்பிவிடுங்கள். அவர்களிடம் இல்லையென்றால், தகவல் உரிமைச் சட்டப் பிரிவு 6(3) படி ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.