கம்பாசிட்டர் தாத்தாவின் வாழ்க்கையை நினைவு நூலாக எழுதுவது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டைப் பேரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா சென்ற கார்த்திகையில், தம் 83ஆம் வயதில் காலமானார். பதின்மூன்று வயதில் மண்ணடி அச்சகம் ஒன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, தரையில் சிதறிய ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கேஸில், அதாவது எழுத்துக்கு ஓர் அறை உள்ள தட்டில், போடுவதில் தொடங்கி, அவற்றை வரிவரியாகக் கோக்கும் கம்பாசிட்டரானவர். பிறகு பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே காலால் மிதித்து ஓட்டும் ஒரு பழைய டிரெடில் அச்சு இயந்திரத்தைப் போட்டுச் சொந்தமாக அச்சகம் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், ஆடி மாதக் கூழ் வார்த்தல் நோட்டீஸ், மில் தொழிலாளர் சங்கத் துண்டறிக்கை, கால்பந்துப் போட்டி அறிவிப்பு என்று அந்த வட்டாரத்தின் நல்லது கெட்டது எல்லாம் அவர் கைவழியாகத்தான் காகிதத்துக்கு வந்தன. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பத்திரிகையைப் படிப்பதற்கு முன் அதன் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, அழுத்தம் சரியா, அதிகமா என்று சொல்லிவிடுவார்.

கருமாதிப் பத்திரிகைக்கு மட்டும் அவரிடம் தனி முறை இருந்தது. எந்த நேரத்தில் வந்து கதவைத் தட்டினாலும் எழுந்து விளக்கைப் போடுவார். எங்கள் தெருக்காரர்களிடம் காகித விலைக்கு மேல் வாங்க மாட்டார். மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்களை எழுதிக்கொண்டபின், "யார் பேராவது விட்டுப்போச்சா, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று இரண்டு முறை கேட்ட பிறகே எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் எடுப்பார். ஒரு முறை அப்படியும் ஒரு மகளின் பெயர் விட்டுப்போய், அந்த வீட்டில் பெரிய சண்டையாகிவிட்டது. தவறு பெயர் எழுதித் தந்தவர்களுடையது என்றாலும், இவர் தம் செலவில் மறுபடியும் கோத்து அச்சடித்துக் கொடுத்தார்.

அவர் இறந்த அன்று மாலை தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் என் மூத்த அத்தையின் பெயர் இல்லை. தொலைபேசியில் பெயர்களைச் சொன்னவன் நான்தான். அத்தை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதனால்தான் வருஷ திவசத்துக்குள் 32 பக்கத்தில் ஒரு நினைவு நூல் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுதக் குழப்பமே மிஞ்சுகிறது. சொந்த அச்சகம் தொடங்கியது 1971 என்கிறார் அப்பா. அத்தை 1973 என்கிறார். தாத்தாவின் பெட்டியில் தேதி இல்லாத நோட்டீஸ்கள் ஒரு கட்டு இருக்கின்றன. ஒரு தகர டப்பாவில் ஈய எழுத்துகள் சில இருக்கின்றன. அவற்றை ஏன் தனியாக வைத்திருந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இவை எல்லாவற்றையும் விடக் கடினமானது வேறொன்று. தாத்தா ஊரில் இல்லாத ஒரு நாள் சித்தப்பா அந்த டிரெடிலை எடைக்குப் போட்டுவிட்டார். அதன்பின் இருவரும் நான்கு ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. இதை எழுதலாமா?

ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர், இராயபுரம்:

தம்பி, உங்கள் தாத்தாவை எனக்குத் தெரியாது. ஆனால் பத்திரிகையின் முதுகைத் தடவிப் பார்க்கும் அந்த விரலை நன்றாகத் தெரியும்.

முதலில் டப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடி முன் பிடித்துப் பாருங்கள். வடிவம் நேராகத் தெரியும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபோது பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. கேஸில் இவை ஏழு வகை ஈய எழுத்துகளாகத்தான் இருக்கும். ஏனென்றால் பழைய ணொ என்பது ஒற்றைக் கொம்பையும் பழைய ணாவையும் அடுத்தடுத்து வைத்துக் கோப்பதுதான். தும்பிக்கை போல் முன்னால் வளைந்த லையும், கால் தனியாக நிற்காமல் உடலோடு சுழிந்த னாவும் உங்கள் டப்பாவில் இருந்தால், அவர் உருக்கக் கொடுக்க மனம் வராமல் எடுத்து வைத்த பழைய வடிவங்கள் அவை. அவற்றைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். அந்த உலோகம் ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தது.

தேதி இல்லாத நோட்டீஸ்களுக்கும் இதுவே ஒரு துப்பு. புதிய லை இருந்தால் அது பெரும்பாலும் 1978க்குப் பிந்தியது. பெரியார் இயக்கத்தாரின் வெளியீடுகள் மட்டும் விதிவிலக்கு. அவர் 1935இலேயே தம் ஏட்டில் இந்த வடிவங்களைக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் பழைய லை இருப்பதால் அது 1978க்கு முந்தியது என்று எழுதிவிடாதீர்கள். புது எழுத்து வாங்கப் பணம் வேண்டும். சிறிய அச்சகங்கள் கையில் இருந்ததைத் தேயும்வரை ஓட்டின. முகவரியையும் பாருங்கள். பின்கோடு 1972 ஆகஸ்டு 15இல்தான் நடைமுறைக்கு வந்தது. "சென்னை-21" என்று மட்டும் இருந்தால் முந்தியதாகவும் இருக்கலாம், பழக்கத்தில் போட்டதாகவும் இருக்கலாம். 600021 என்று இருந்தால் அதற்குப் பிந்தியது என்பது உறுதி. அவருடைய அச்சகத்தின் முதல் பில் புத்தகம் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னொன்று. "அச்சுத் தொழில் செய்தார்" என்று ஒரே வரியில் கடந்துவிடாதீர்கள். எழுத்தின் உடலில் ஒரு பக்கம் சிறு பள்ளம் இருக்கும். அதை நிக் என்போம். கண் கையெழுத்துப் படியில் இருக்க, கட்டைவிரல் அந்த நிக்கைத் தொட்டே எழுத்து எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அறிந்துகொள்ளும். வரியைத் தலைகீழாகவே கோப்போம், தலைகீழாகவே படிப்போம். அச்சான பிறகு மண்ணெண்ணெயால் கழுவி, கோத்த எழுத்தை எல்லாம் மறுபடியும் பிரித்து அதனதன் அறையில் போட வேண்டும். அதில் ஒன்று மாறி விழுந்தால் மறுநாள் யாருடைய பெயரிலோ பிழையாக வந்து நிற்கும். உங்கள் தாத்தா பெயர்களை இரண்டு முறை கேட்டதற்குப் பின்னால் இந்தப் பழக்கமும் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை வாசகி:

என் தந்தை படகு கட்டும் தச்சர். அவருக்கு நாங்கள் இப்படி ஒரு நூல் போட்டோம், அதில் கற்றதைச் சொல்கிறேன்.

எழுதுவதற்கு முன் பெட்டியில் இருப்பதை எல்லாம் படம் எடுத்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, தந்தையின் அளவுக் குறிப்பேடுகளில் பாதி கூழாகிவிட்டது. நோட்டீஸ்களை வீட்டில் பாதுகாக்க முடியாது என்று தோன்றினால், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். பழைய தமிழ் அச்சுப் பொருள்களைப் பேணுவதே அவர்கள் வேலை.

பெரியவர்களிடம் "தாத்தா எப்படிப்பட்டவர்" என்று கேட்காதீர்கள். "நல்ல மனுஷன்" என்ற பதில்தான் வரும். ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். என் அம்மாவிடம் தந்தை மரம் செதுக்கிய வாய்ச்சியைக் கொடுத்த பிறகுதான், அதன் பிடி உடைந்த ஆண்டு, அந்த ஆண்டு வாங்கிய கடன், கடனுக்கு அடகு வைத்த நகை என்று ஒவ்வொன்றாக வந்தது. உங்கள் ஆயாவைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லையே. வீட்டு முன்னறையில் அச்சகம் என்றால், அச்சான தாளை மடித்தது யார்? பில் புத்தகத்தைத் தைத்தது யார்? நள்ளிரவில் கருமாதிப் பத்திரிகைக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தது யார்?

சித்தப்பாவின் செய்தியை என்னைக் கேட்டால் விட்டுவிடலாம். திவசத்துக்கு வரும் உறவினர் கையில் கொடுக்கும் நூல் அது.

தங்கசாலை ஆஃப்செட்காரர்:

கடைசியாகச் சொன்னதில் மட்டும் வேறுபடுகிறேன். எழுதுங்கள், ஆனால் சித்தப்பாவைக் கேட்டு எழுதுங்கள்.

எங்கள் தெருவுக்கு அச்சு புதிதல்ல. ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடம் இங்கேதான் இருந்தது. என் தந்தையும் ஈய எழுத்தில் தொடங்கியவர்தான். கணினியும் ஆஃப்செட்டும் வந்தபோது, ஒரு கம்பாசிட்டர் நாள் முழுவதும் நின்று கோத்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. 1996இல் பி அண்டு சி (பக்கிங்காம் அண்டு கர்நாடிக்) துணி மில் மூடப்பட்டபோது, எங்களுக்குச் சங்க நோட்டீஸும் தொழிலாளர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் சேர்ந்தே குறைந்தன. அந்த ஆண்டுகளில் எழுத்தை எல்லாம் மூட்டை கட்டிக் கிலோ கணக்கில் விற்ற வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. விற்றவன் நான். என் தந்தை அழவில்லை, திட்டவில்லை; வெறும் கேஸின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு மூடினார். அன்று எந்தக் கடனை அடைக்க விற்றேன் என்று இன்றுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. உங்கள் சித்தப்பாவிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டைப் பேரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் பெட்டியோடு போனேன். முதல் எண்ணிட்ட பில் புத்தகத்தில் முகவரி 600021 என்று இருக்கிறது. ஆகவே 1971 இல்லை. அத்தை சிரித்துவிட்டு, டிரெடில் மாட்டு வண்டியில் வந்து இறங்கிய அன்று தாம் பள்ளிக்குப் போகாமல் வாசலில் நின்றதையும், இறக்க வந்த ஆறு பேருக்கும் ஆயா கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்ததையும் சொன்னார். பில் புத்தகம் தைத்தது ஆயாதான்; ஊசி குத்திக் காய்த்த விரலைப் பற்றி மட்டும் அத்தை நீண்ட நேரம் பேசினார். அது தனி அத்தியாயமாகிறது. டப்பாவில் ஐயா சொன்ன ஏழு வகையும் இருக்கின்றன.

சுவரொட்டியைப் பற்றி அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்க தாத்தா இருந்திருந்தா இன்னொரு முறை அடிச்சிருப்பாரு" என்றார்.

சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, காகிதக் கடைப் பாக்கி எவ்வளவு என்பதை ரூபாய்க் கணக்கில் சொன்னார். பத்து வருடத்துக்கும் மேலான பழைய கணக்கு அது. எழுதியதை அச்சுக்குப் போவதற்கு முன் தமக்குக் காட்ட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். ஒப்புக்கொண்டேன். காகிதம் ஆண்டர்சன் தெருவில் பார்த்துவைத்திருக்கிறேன். இராயபுரம் ஐயா, பெயர்ப் பட்டியல் உள்ள பக்கத்தை மட்டும் உங்களுக்கு அனுப்பினால் ஒரு முறை பார்த்துத் தருவீர்களா?

ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர், இராயபுரம்:

தாளில் எடுத்து அனுப்புங்கள் தம்பி, திரையில் எனக்குப் பிழை கண்ணில் படாது. பெயர்களைக் கையால் எழுதிய பட்டியலும் கூடவே வேண்டும். அதை அத்தை எழுதட்டும்.