சிறு மண்ணணைக் கரையில் கண்டவை: சிலரின் அனுபவப் பகிர்வு

படகு விடவும் தூண்டில் போடவும் மாலையில் காலாற நடக்கவும் கட்டப்பட்ட சிறு மண்ணணைகளைப் பெரும்பாலோர் குளம் என்றே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் குடியிருப்பை ஒட்டிய 7 மீட்டர் உயரக் கரையைப் பராமரிக்கும் குழுவில் என்னைச் சேர்த்தபோது, புல் வெட்டுவதும் படகுத்துறைப் பலகைகளுக்கு வண்ணம் பூசுவதுமே வேலை என்று எண்ணிக்கொண்டேன். கரையின் வெளிச்சரிவு தரையைத் தொடும் கரையடியை அதுவரை எங்களில் எவரும் நடந்து பார்த்ததே இல்லை. அங்கே முள்ளும் புதரும் மண்டிக் கிடந்தன.

ஒரு கோடையில் மற்ற இடமெல்லாம் புல் காய்ந்து பழுப்பேறியிருக்க, வடிகுழாய் வெளியே வரும் இடத்தருகே ஒரு பாய் விரிக்கும் அளவு மட்டும் பச்சைப்பசேலென்று இருப்பதைக் கண்டேன். கால் வைத்தபோது செருப்பு அமிழ்ந்தது. மண்ணணையில் கசிவே இருக்கக்கூடாது என்று பலர் நம்புகிறார்கள். மண் என்றால் நீர் ஊறத்தான் செய்யும். எவ்வளவு கசிகிறது, நாளுக்கு நாள் கூடுகிறதா, தெளிந்து வருகிறதா, மண்ணைச் சுமந்து வருகிறதா என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே கசிவுநீரை ஒரு சிறு வாய்க்காலில் திரட்டி, 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்பதை ஏரியின் நீர்மட்டத்தோடு சேர்த்து வாரந்தோறும் எழுதி வந்தோம். ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் நீர் பிடித்து ஓரிரவு அசையாமல் வைப்பேன்.

பல மாதங்கள் குப்பி தெளிவாகவே இருந்தது. பிறகு ஒரு நாள் காலையில் அதன் அடியில், அரிசிமணித் தடிமனுக்குச் சந்தன நிற வண்டல் படிந்திருந்தது. குப்பியைச் சற்றே சாய்த்தபோது அது புகைபோல் எழுந்து மறுபடி அடங்கியது. வாளி நிரம்பும் நேரமும் 40 வினாடியிலிருந்து 26 ஆகக் குறைந்திருந்தது. நீர்மட்டம் முந்தைய வாரத்தைவிட உயரவில்லை. கரைக்குள் புதைத்த குழாயின் அடிப்பக்கத்தில் மண்ணை நன்றாகக் கெட்டிப்பது கடினம் என்பதால், நீர் அந்தக் குழாயை ஒட்டியே வழி தேடிக்கொள்ளும். வெளிவாயில் ஒவ்வொரு துகளாகப் பெயர்த்து, அந்தப் பொந்தை ஏரியை நோக்கிப் பின்னோக்கி நீட்டிக்கொண்டே போகும். மேலே நின்று பார்ப்பவருக்குக் கரை அப்போதும் அழகாகவே இருக்கும்.

குழுவில் ஒருவர் களிமண்ணால் வாயை அடைத்துவிடலாம் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. நல்லவேளையாக, தொலைபேசியில் கிடைத்த அணைப் பொறியாளர் அதைத் தடுத்தார். அடைத்தால் நீரழுத்தம் கரைக்குள்ளேயே ஏறி வேறோர் இடத்தில் பிய்த்துக்கொண்டு கிளம்பும் என்றும், கசியும் இடத்தின் மேல் முதலில் மணலும் அதன் மேல் சரளையும் அதற்கும் மேல் கல்லும் பரப்பினால் நீர் வெளியேறும், மண் வெளியேறாது என்றும் விளக்கினார். மதகைத் திறந்து நீர்மட்டத்தை அவர் சொன்ன அளவில் மட்டும் இறக்கினோம். ஈரம் ஊறிய உள்சரிவுக்கு ஏரிநீரே ஒரு முட்டு என்பதால், அதைச் சட்டென்று விலக்கினால் சரிவு பெயர்ந்து விழக்கூடும். அடுத்த பருவத்தில் அந்தக் குழாயைத் தோண்டி மாற்றினார்கள். அரித்துப்போன இடத்தில் என் முழங்கை வரை உள்ளே போயிற்று.

* * *

மேலே எழுதிய நண்பர் கசிவைக் கண்டுபிடித்தார். நாங்களோ ஆபத்தை எங்கள் கையாலேயே பொருத்தி வைத்திருந்தோம். தூண்டில்காரர்களுக்காக ஏரியில் விட்ட மீன் குஞ்சுகள் உபரிநீரோடு போய்விடக்கூடாது என்று, அது வழிந்தோடும் கலிங்கின் குறுக்கே கம்பி வலை அடித்தது எங்கள் சங்கம்தான். அதற்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஓரிரவு விடாது பெய்த மழையில் இலையும் சுள்ளியும் மிதந்து வந்து வலையில் பாய் பின்னியதுபோல் அப்பிக்கொண்டன. விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது, கலிங்கு வழியே போக வேண்டிய நீர் போக வழியின்றி, கரை உச்சிக்கு ஒரு சாண் கீழே நின்றது. மண்கரையின் மேல் நீர் வழியத் தொடங்கினால் வெளிச்சரிவு அறுபட்டுச் சில மணி நேரத்தில் கரையே போய்விடும் என்பது எங்களுக்கு ஏட்டளவில் தெரிந்திருந்தது. இடுப்பில் கயிறு கட்டி, வாரிக்கோலால் குப்பையை இழுக்க முயன்றோம். இழுப்பின் வேகத்தில் ஒருவர் வழுக்கி விழ, கயிறு அவரைப் பிடித்து நிறுத்தியது. கடைசியில் வலையின் சட்டத்தை இரும்புக் கடப்பாறையால் நெம்பிப் பெயர்த்தோம். அது உருண்டு போன ஓசை இன்னும் காதில் இருக்கிறது. மீன்களும் போயின, போகட்டும்.

பின்னர்தான் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த சவுத் ஃபோர்க் அணையைப் பற்றிப் படித்தேன். 22 மீட்டர் உயரமுள்ள அந்த மண்ணணை, செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கம் ஒன்றின் பொழுதுபோக்கு ஏரியைத் தாங்கி நின்றது. அடியிலிருந்த வடிகுழாய்களை முந்தைய உரிமையாளர் எடுத்து விற்றிருந்தார். சங்கம் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தி அகலப்படுத்தினார்கள். மீன் தப்பாமலிருக்கக் கலிங்கின் குறுக்கே தடுப்பும் வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் நீர் கரைக்கு மேல் வழிந்து அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் நகரிலும் வழியிலும் 2,209 பேர் இறந்தார்கள். எங்கள் ஏரி அதில் மிகச் சிறு பங்குதான் என்றாலும், அந்தத் தடுப்பைப் பற்றிய வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

* * *

மரங்களைப் பற்றி ஒரு சொல். நிழலுக்காகக் கரை உச்சியில் நட்டு வளர்த்த மரமொன்று புயலில் சாய்ந்தபோது, வேரோடு ஒரு வண்டி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. நிற்கும் மரத்தைவிடச் செத்த மரம் மோசமானது. வேர் மக்கிய இடம் நீருக்குத் திறந்த குழாயாகிவிடும். இதைக் கேட்டதும் எல்லா மரங்களையும் வேரோடு பிடுங்கக் கிளம்பிவிட வேண்டாம், பெரிய மரத்தின் வேரைத் தோண்டினால் அந்தக் குழியைச் சரியாக நிரப்பிக் கெட்டிப்பது பொறியாளரின் மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை. எலி, நண்டு வளைகளும் இதே கதைதான். புல்லைக் குட்டையாக வைத்திருந்தால் வளை கண்ணில் படும். எங்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

* * *

கரை உடைவதைப் பற்றியே பேசுகிறோம். கரை உறுதியாக இருக்கும்போதே உயிர் போகிற இடம் ஒன்று உண்டு. எங்கள் கலிங்கின் நீர்வீழ்ச்சி இடுப்பளவு உயரம்தான். பிள்ளைகள் அதன் கீழே குளிக்க ஆசைப்படுவார்கள். ஒரு மழைக்கால மாலையில் காலியான நெகிழிக் கேன் ஒன்று அங்கே விழுந்ததைப் பார்த்தேன். அது வாய்க்காலோடு போகும் என்று நினைத்தேன். ஆனால் விழும் நீருக்கு அடியில் அமிழ்ந்து, சற்றுத் தள்ளி எழும்பி, பின்னோக்கி இழுபட்டு மறுபடி வீழ்ச்சிக்கு அடியிலேயே போனது. இருபது நிமிடம் நின்று பார்த்தேன், அது வெளியேறவே இல்லை. மிதக்கும் கேனுக்கே அந்த நிலை என்றால் நீந்தத் தெரிந்த ஆளுக்கும் அதே நிலைதான். மறுநாளே மேல்பக்கம் மிதவைக் கயிறும், வாய்க்காலோரம் எறிகயிறும் வைத்தோம். மதகின் உள்வாய் உறிஞ்சும் இடத்திலும் குளிக்கக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறோம்.

* * *

தொடங்கியவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் அணை கட்டப்பட்டபோது கீழே வெறும் மேய்ச்சல் நிலம் இருந்தது. இன்று 11 வீடுகள் இருக்கின்றன. கரையில் ஒரு கூடை மண்கூட மாறாமலே அதன் அபாயம் பல மடங்காகிவிட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 12 மீட்டர் உயரந்தான். மின் உற்பத்தி நின்ற பிறகு பொழுதுபோக்கு ஏரியாக இருந்தது. 1977 நவம்பர் 6 அன்று பின்னிரவில் அது உடைந்து, கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 39 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அதிபர் கார்ட்டர், நாடு முழுவதும் அபாயம் மிகுந்த தனியார் அணைகளையும் சோதிக்க உத்தரவிட்டார்.

ஆகவே எங்கள் குழு அந்த 11 வீடுகளின் தொலைபேசி எண்களை மதகுச் சாவியோடு ஒரே பெட்டியில் வைத்திருக்கிறது. சென்ற மாதம் இரவு பத்து மணிக்கு ஒத்திகையாக எல்லோரையும் அழைத்துப் பார்த்தோம். எட்டுப் பேர் எடுத்தார்கள். ஒருவர் எடுக்கவில்லை. இரண்டு எண்கள் வீட்டைக் காலி செய்து போய்விட்டவர்களுடையவை; அந்த வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்க நாளை காலை நடந்து போகிறேன்.