‘இங்’ என்று முடிந்தால் ஜெரண்டா, பார்ட்டிசிபிளா?

பொருநைக்கரை: போட்டித் தேர்வுக்கு ஆங்கில இலக்கணம் படிக்கிறேன். ஜெரண்ட் என்றால் தொழிற்பெயர், பிரசென்ட் பார்ட்டிசிபிள் என்றால் எச்சம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ‘ஸ்விம்மிங் இஸ் எ குட் எக்சர்சைஸ்’ என்றால் நீந்துதல், ஜெரண்ட். ‘எ ஸ்விம்மிங் டக்’ என்றால் நீந்தும் வாத்து, பார்ட்டிசிபிள். இதுவரை சரி. ஆனால் ‘டிரிங்கிங் வாட்டர்’ குடிக்கும் தண்ணீர்தானே, பெயரெச்சம்தானே, விடைக்குறிப்பில் மட்டும் ஏன் ஜெரண்ட் என்று இருக்கிறது? யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

செந்தாழை: தமிழ்ப் பெயரெச்சத்தை அளவுகோலாக வைத்ததால் வந்த சிக்கல் இது. நம் பெயரெச்சம் தாராளமானது, செய்பவரை மட்டுமல்ல, செயப்படுபொருள், கருவி, இடம் என்று எதை வேண்டுமானாலும் கொண்டு முடியும்: உண்ணும் சோறு, எழுதும் பேனா, படுக்கும் அறை. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் நிற்கிற இந்தப் பார்ட்டிசிபிளுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது, அந்த வேலையைச் செய்கிற பெயரோடு மட்டும்தான் சேரும். அதனால் மொழிபெயர்த்துப் பார்க்காதீர்கள், அந்தப் பெயர் அந்த வேலையைச் செய்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ‘ஸ்லீப்பிங் பேபி’, குழந்தை தூங்குகிறது, பார்ட்டிசிபிள். ‘ஸ்லீப்பிங் பில்’, மாத்திரை தூங்குவதில்லை, தூங்குவதற்கான மாத்திரை, ஜெரண்ட். தண்ணீரும் எதையும் குடிப்பதில்லை. உச்சரிப்பிலும் இது தெரியும்: ‘டான்சிங் டீச்சர்’ என்பதில் முதல் சொல்லை மட்டும் அழுத்தினால் நடனம் சொல்லித்தருபவர், டீச்சரையும் சேர்த்து அழுத்தினால் ஆடிக்கொண்டிருக்கிற ஆசிரியர்.

மேலவீதி: செந்தாழை அக்கா சொன்னது ரொம்பச் சரி. ஆனால் தேர்வில் மதிப்பெண் போகிற இடம் வேறு, அங்கே நம்மைக் கவிழ்ப்பது வினையெச்சம். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பது தமிழில் குற்றமில்லாத வாக்கியம், பெய்தது மழை, நிறைந்தது குளம், இரண்டு எழுவாய் இருந்தும் காரண காரிய உறவு இருப்பதால் நம் காதுக்கு உறுத்துவதே இல்லை. அதே பழக்கத்தில் ‘ரெய்னிங் ஹெவிலி, தி டேங்க் ஃபில்ட் அப்’ என்று எழுதினால், குளமே மழையாகப் பெய்தது என்று ஆகிவிடும். இதைத்தான் டேங்ளிங் பார்ட்டிசிபிள் என்கிறார்கள். வாக்கியத் தொடக்கத்தில் ‘இங்’ வந்து கமா போட்டால், கமாவுக்கு அடுத்து வருகிற எழுவாய்தான் அந்த வேலையையும் செய்ய வேண்டும். ‘வாக்கிங் டு ஸ்கூல், எ டாக் பிட் மீ’ என்றால் பள்ளிக்கு நடந்தது நாய். ‘வைல் ஐ வாஸ் வாக்கிங்’ என்று விரித்து எழுதிவிடுங்கள். ‘கன்சிடரிங்’, ‘ரிகார்டிங்’ மாதிரி முன்னிடைச்சொல்லாகவே ஆகிவிட்ட சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கல்தச்சன்: இந்தக் குழப்பத்துக்கு வரலாறும் ஒரு காரணம். பழைய ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு விகுதி, தொழிற்பெயருக்கு ‘உங்’ அல்லது ‘இங்’, எச்சத்துக்கு ‘எண்டெ’. இடைக்கால ஆங்கிலத்தில்தான் இரண்டும் ‘இங்’ என்று ஒன்றாகிப்போனது. 2002ல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கண நூலில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இரண்டையும் பிரிக்காமல் ஜெரண்ட்-பார்ட்டிசிபிள் என்று ஒரே பெயரில்தான் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் நேர்மையான வழியாகப் படுகிறது. தேர்வுக்கு மட்டும் பழைய பிரிவிலேயே எழுதுங்கள், வேறு வழியில்லை.

பொருநைக்கரை: மூவருக்கும் நன்றி, தண்ணீர் விஷயம் தெளிந்துவிட்டது. கடைசியாக ஒன்று. ‘டு’வுக்குப் பிறகு வினையின் முதல் வடிவம்தானே வரும், ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ’ மட்டும் எப்படி?

செந்தாழை: ‘சந்திக்க ஆவலாக இருக்கிறேன்’ என்று மனதில் ஓடுவதால் ‘டு மீட்’ என்று கை போகிறது. இந்த ‘டு’ வேறு, இது முன்னிடைச்சொல், இதற்குப் பின்னால் பெயர்தான் வரும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை’ பொருந்துகிறது, அப்படியானால் வினையும் ஜெரண்டாகத்தான் வர வேண்டும். ‘ஐ வாண்ட் டு கோ’வில் ‘டு’வுக்குப் பின்னால் ‘யுவர் ரிப்ளை’ உட்காராது. ‘ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் எர்லி’, ‘ஐ யூஸ்டு டு கெட் அப் எர்லி’ இரண்டையும் இதே சோதனையில் போட்டுப் பாருங்கள். முதலாவது சீக்கிரம் எழுவது பழகிவிட்டது, இரண்டாவது முன்பெல்லாம் எழுவேன், இப்போது இல்லை.