புதுப்பிப்பு: மர்ஃபி இடத்தில் வாக்கர் தேறினாரா?

2015 டிசம்பரில் கேட்டிருந்தேன்: நம்ம நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் இரண்டாம் பேஸில் (அந்த இடத்தில் நின்று தடுத்தாடும் வீரராக) டேனியல் மர்ஃபிக்குப் பதில் நீல் வாக்கர் வருகிறாரே, இருவரையும் எதை வைத்து ஒப்பிடுவது? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 2016 சீசன் முடிந்துவிட்டது.

"பிளேஆஃபை (சீசனுக்குப் பிந்தைய பட்டச் சுற்றுகளை) மறந்துவிடு, முழு சீசனைப் பார்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. 2015 பிளேஆஃபில் ஆறு ஆட்டங்களில் தொடர்ந்து ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை எல்லைச் சுவரைத் தாண்டி அடிப்பது) அடித்த மர்ஃபியே என் கண்ணை மறைத்திருந்தார். 2015 சீசனில் அவர் பேட்டிங் சராசரி .281, 14 ஹோம் ரன். வாக்கர் 2016-ல் .282, 23 ஹோம் ரன், அதுவும் 113 ஆட்டங்களில். அப்புறம் முதுகு அறுவை சிகிச்சை, சீசன் அதோடு சரி.

தடுப்பாட்டத்திலும் எனக்கு வாக்கர்தான் நிம்மதி. 2015 வேர்ல்ட் சீரிஸ் (பட்டத்துக்கான இறுதித் தொடர்) நான்காவது ஆட்டத்தில் மர்ஃபியின் கையுறைக்கு அடியில் உருண்டோடிய அந்தப் பந்து இன்னும் கண்ணில் நிற்கிறது.

எதிர்பாராதது ஒன்று: வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்குப் போன மர்ஃபி 2016-ல் .347, 25 ஹோம் ரன், 104 ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்)! நம்ம மெட்ஸுக்கு எதிராக ஆடும்போது இன்னும் கூடுதலாக வெளுத்தார். இதை இங்கே யாருமே சொல்லவில்லை, நானும்தான்.